பன்னிரண்டு புள்ளிப் பைத்தியங்கள்: யூரோவிஷன் கேள்வி பதில்

கேள்வி: நாட்டுக்கொரு பாட்டு மேடையேறும் ஐரோப்பாவின் யூரோவிஷன் பாடல் போட்டியை வருஷம் தவறாமல் பார்க்கிறேன். “அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போட்டுக்கொள்கின்றன, இதில் பாட்டு எங்கே இருக்கிறது?” என்று வீட்டில் ஒரே கேலி. என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில் ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். கிரீஸும் சைப்ரஸும் உச்சப் புள்ளியான 12-ஐக் கொடுத்து வாங்கிக்கொள்வது மொய் எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. அறிவிப்பவர் வாயைத் திறப்பதற்குள் அரங்கில் கூச்சல் கிளம்பிவிடும். ஆனால் இதை முழுக்க அரசியல் என்று தள்ளிவிட முடியாது. ஒரே மொழி பேசுகிறவர்கள் ஒரே பாடகர்களைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள், ஓட்டு விழத்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டு பத்தாம் இடம் வரை ஏறலாம், கோப்பையைத் தூக்க முடியாது. போர்ச்சுகலைப் பாருங்கள். எல்லையில் இருப்பது ஸ்பெயின் ஒன்றுதான். 1964-இல் போட்டிக்குள் வந்த நாடு நெடுங்காலம் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. 2017-இல் கீவ் நகரில் சல்வதோர் சோப்ரால் வந்தார். ஆட்டக்காரர்கள் இல்லை, தீப்பொறி இல்லை, கூட்டத்துக்கு நடுவே சின்ன மேடையில் தனியாக நின்று தன் மொழியிலேயே மெல்லப் பாடி 758 புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனார். இத்தனையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டதா என்று வீட்டில் கேளுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை இறுதிச்சுற்றை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: போதும். ஆனால் அப்போது நீங்கள் பார்வையாளர், ரசிகர் இல்லை. ரசிகனுக்கு மே மாதம் என்பது முடிவுரை. ஜனவரியிலிருந்தே ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். இத்தாலியில் சான்ரெமோ விழா, சுவீடனில் வாரக்கணக்கில் ஓடும் மெலோடிஃபெஸ்டிவாலென். இதையெல்லாம் பார்த்துவிட்டு, மார்ச் மாதத்துக்குள் எல்லாப் பாட்டும் கைக்கு வந்ததும், எது ஜெயிக்கும் எது கவிழும் என்று பட்டியல் போட்டு, அடுத்த நாளே அதை அழித்து வேறு பட்டியல் போடுவதில்தான் முக்கால்வாசி சந்தோஷம். அப்புறம் செவ்வாயும் வியாழனும் வரும் அரையிறுதிகளைத் தவறவிடாதீர்கள். பாட்டு 3 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது, மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக் கூடாது, இசை ஒலிப்பதிவில் ஓடலாம், ஆனால் பிரதான குரல் அங்கேயே பாடியாக வேண்டும். ஸ்டூடியோவில் தேனாக ஒழுகியவர் முதல் உச்சஸ்தாயியிலேயே தடுமாறுவதும், யாரும் மதிக்காத ஒருவர் அரங்கத்தையே எழுந்து நிற்க வைப்பதும் அங்கேதான் நடக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அடுத்த பாடகரைப் பற்றி ஒரு சின்னப் படம் போடுவார்களே, போஸ்ட்கார்டு என்பார்கள், அது முக்கால் நிமிஷம்தான் ஓடும். அதற்குள் இருட்டில் ஒரு படையே ஓடிவந்து பழைய செட்டை உருட்டிக்கொண்டு போய், தரையைக் கூட்டி, புதுசை நிறுத்திவிட்டு மறைந்துவிடும். அந்தப் பணியாளர்களுக்கு யாராவது ஒரு 12 கொடுத்தால் தேவலை.

கேள்வி: ஒவ்வொரு நாட்டிலும் புள்ளி போடுகிற இசைத் துறை நடுவர்களான ஜூரியா, மக்கள் ஓட்டா? நீங்கள் யார் பக்கம்?

பதில்: அடி வாங்கத் தயாராகத்தான் சொல்கிறேன்: ஜூரி இருக்கட்டும்.

2023 லிவர்பூல் நினைவிருக்கிறதா? பின்லாந்தின் கேரியா பச்சை நிறத்தில் உப்பிய கைகளோடு வந்து ஆடினார், அரங்கமே அவர் பாட்டைத்தான் கத்திக்கொண்டிருந்தது. மக்கள் 376 புள்ளி கொட்டினார்கள், ஜூரி கொடுத்தது 150. சுவீடனின் லொரீனுக்கு மக்கள் தந்தது 243, ஜூரி தந்தது 340. கூட்டிப் பாருங்கள், 583-க்கு 526. கோப்பை லொரீனுக்கு. அன்று கொதித்தவர்கள் இன்னும் ஆறவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. அதுவும் ஜூரிகள் மதிப்பெண் போடுவது நாம் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அல்ல, முந்தைய இரவு நடக்கும் ஒத்திகைக்கு என்று தெரிந்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் மக்கள் ஓட்டு மட்டும் என்றால் முதல் பத்து நொடியில் கண்ணைப் பறிக்கிறவருக்கே எல்லாம் போய்விடும். தவிர, 2016-இல் இரண்டையும் தனித்தனியாக அறிவிக்க ஆரம்பித்த பிறகுதானே கடைசி நிமிஷம்வரை நகம் கடிக்கிறோம்? அதற்கு முன்பு, இன்னும் சில நாடுகள் மிச்சமிருக்கும்போதே பல வருஷங்களில் முடிவு தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்குப் பிடித்த பாட்டு எப்போதும் தோற்கிறது. என் ராசியா?

பதில்: 1974-இல் பிரைட்டனில் அபா குழு ‘வாட்டர்லூ’ பாடி ஜெயித்தபோது, போட்டியை நடத்திய பிரிட்டனின் ஜூரி அதற்குக் கொடுத்தது பூஜ்யம். உங்கள் ராசி எவ்வளவோ மேல்.

கேள்வி: பூஜ்யம் வாங்கினால் அந்தப் பாடகருக்கு எப்படி இருக்கும்?

பதில்: 2021, ரோட்டர்டாம். பிரிட்டனின் ஜேம்ஸ் நியூமனுக்கு ஜூரியும் பூஜ்யம், மக்களும் பூஜ்யம். ஜூரி பட்டியலில் கடைசியில் இருப்பவருக்குத்தான் மக்கள் ஓட்டை முதலில் படிப்பார்கள் என்பதால், கேமரா அவர் முகத்தில் நிற்கும்போதே அது வந்தது. மனிதர் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார், அரங்கம் ஜெயித்தவருக்குப் போல ஆர்ப்பரித்தது. அன்று ஜெர்மனி, ஸ்பெயின், போட்டியை நடத்திய நெதர்லாந்து ஆகிய மூன்றுக்கும்கூட மக்கள் ஓட்டில் ஒரு புள்ளியும் விழவில்லை என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது.

கேள்வி: அரசியல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாடுகள் விலகுகின்றன. இனியும் இதற்கு ரசிகராக இருக்கலாமா?

பதில்: இதைக் கேட்காத ரசிகர் இப்போது இல்லை. ரஷ்யாவை 2022-இல் வெளியே நிறுத்தினார்கள். இஸ்ரேல் தொடர்வதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் 2026 வியன்னா போட்டிக்கு வர மறுத்தன. இதில் அயர்லாந்து 7 முறை ஜெயித்த நாடு, ஸ்பெயின் அதுவரை நேரடியாக இறுதிச்சுற்றுக்குப் போய்வந்த பெரிய நாடுகளில் ஒன்று. அரசியல் இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம், நாம் நம்ப வேண்டியதில்லை. டிவியை அணைப்பதும் ஒரு ரசிகரின் உரிமைதான், பார்ப்பதும்தான்; இன்னொருவரின் முடிவைத் துரோகம் என்று திட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வி: போட்டியில் இல்லாத நாட்டில் இருக்கிறேன். நான் ஓட்டுப் போட முடியுமா?

பதில்: 2023-இலிருந்து முடியும், இணையத்தில். மீதி உலகம் முழுவதும் போடும் ஓட்டைச் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் ஓட்டாகக் கணக்கில் எடுப்பார்கள், எனவே உலகமே திரண்டாலும் குட்டி நாடான மால்டாவின் மக்களைவிட உங்கள் கை ஓங்கிவிடாது. காசு கட்டித்தான் போட வேண்டும். முன்பு ஒருவர் 20 ஓட்டுவரை போடலாம், அரசாங்கங்களே ஓட்டு வேட்டையில் இறங்குகின்றன என்று 2025-இல் புகார் கிளம்பியதும் அதை 10 ஆக்கிவிட்டார்கள். பத்தையும் ஒரே பாட்டுக்குக் கொட்டிவிடாதீர்கள், இரண்டையாவது யாரும் சீண்டாத பாட்டுக்கு ஒதுக்கிவையுங்கள்.