ஒரே ஒரு தடவை பேட் பிடித்தவர்

வணக்கம். அமெரிக்க பேஸ்பால்காரர் வால்டர் ஆல்ஸ்டனை, ‘மேஜர் லீக்கில் ஒரே ஒரு தடவை பேட் பிடித்து அவுட் ஆனவர்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவரிடம் டாட்ஜர்ஸ் அணியை 23 வருடம் எப்படி விட்டுவைத்தார்கள்? ஆடத் தெரியாதவர் சொன்னால் நட்சத்திரங்கள் கேட்பார்களா?
— வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

‘ஆடத் தெரியாதவர்’ என்று நீங்கள் நினைத்ததற்கு என் வரிதான் காரணம். மேஜர் லீக் என்கிற உச்ச மட்டத்துக்குக் கீழே உள்ள சிறிய லீக்குகளில் ஹோம் ரன்களாக (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்துத் தள்ளியவர் ஆல்ஸ்டன். 1936 சீசனின் கடைசி நாளில் மேஜர் லீக் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை இறக்கியது. அதுவும் முதல் பேஸில் ஃபீல்டிங் செய்யும் ஜானி மைஸை நடுவர் வெளியேற்றிவிட்டதால். பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார், ஃபீல்டிங்கில் ஒரு பிழை வேறு. மைஸ் பின்னாளில் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஆள். அவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் காத்திருந்து என்ன பயன்? மறுபடி கூப்பிடவே இல்லை.

1940 முதல் சிறிய லீக் அணிகளுக்கு மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் சொல்வார்கள்). குளிர்காலத்தில் ஓஹையோவில் பள்ளிக்கூட வாத்தியார்.

நட்சத்திரங்கள் கேட்பார்களா என்கிறீர்கள். 1946-ல் டாட்ஜர்ஸின் சிறிய லீக் அணியான நாஷுவாவில் அவருக்குக் கீழே ஆடியவர்கள் ராய் கேம்பனெல்லாவும் டான் நியூகோம்பும். இருவரும் கறுப்பர்கள். மேஜர் லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலம், அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்காக உள்ளே வந்ததே அடுத்த வருடம்தான். ஒரு ஆட்டத்தில் நடுவர் ஆல்ஸ்டனை வெளியே அனுப்ப, அணியைக் கேம்பனெல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கேம்பனெல்லா, பந்துவீச்சாளரான நியூகோம்பைப் பேட் பிடிக்க அனுப்பினார். ஹோம் ரன்!

1953 முடிவில் டாட்ஜர்ஸ் மேனேஜர் சார்லி டிரெஸ்ஸன் பல வருட ஒப்பந்தம் கேட்டு வேலையை இழந்தார். அந்த இடத்துக்கு வந்த ஆல்ஸ்டன் ஒரு வருடத்துக்குச் சரி என்றார். ‘யார் இவர்?’ என்று பத்திரிகைகள் கேட்டன. ஜாக்கி ராபின்சனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது டாட்ஜர்ஸில் இருந்த கேம்பனெல்லாவுக்கும் நியூகோம்புக்கும் அவர் புதிய ஆள் இல்லையே. மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஏழு தடவை தோற்றிருந்த டாட்ஜர்ஸ் (அப்போது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தது), 1955-ல் முதன்முறையாக ஜெயித்தது. அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு 1959, 1963, 1965 என்று இன்னும் மூன்று.

அப்புறம், நீங்கள் சொன்ன அந்த 23 வருடம். ஒரே மூச்சில் யாரும் கொடுத்ததில்லை. 1976 வரை ஒவ்வொரு தடவையும் ஒரு வருட ஒப்பந்தம்தான்.