‘நீ போய் வா’ என்கிற தோழிகளை மலைக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 43. மலையேறும் பழக்கம் உண்டு. உடன் வேலை பார்க்கும் தோழிகள் மூவரையும் ஒருமுறையாவது அழைத்துச் செல்ல ஆசை. படிக்கட்டுதானே, எளிதாக இருக்கும் என்று கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைத் தேர்ந்தெடுத்தேன். ஒருத்தி, ‘சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்கிறாள். இன்னொருத்திக்கு முழங்கால் வலியாம். மூன்றாமவள், ‘மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது’ என்கிறாள். எல்லாம் சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. இவர்களைத் துணிந்து அழைத்துச் செல்லலாமா? பரிசோதனை ஏதும் தேவையா?

பதில்: மூன்றாவது தோழியிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வது சாக்கு அல்ல, நோய்க்குறி. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு மாடி ஏறியதும் மூச்சு வாங்கினால், நான் முதலில் மாதவிடாயைப் பற்றித்தான் கேட்பேன். இந்த வயதில் பலருக்கு உதிரப்போக்கு அதிகமாகிறது, வெளியே சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அதோடு தைராய்டு பரிசோதனையும் ஓர் ஈசிஜியும் எடுத்துவிடட்டும். படி ஏறும்போது நெஞ்சில் பாரமோ, தாடையிலோ கையிலோ வலியோ வருகிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் மலைப் பேச்சை நிறுத்திவிட்டு, உடனே இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர் தாராளமாக மலையேறலாம். எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் கவனம் வேண்டும். அன்றைக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். அருவிக்குப் போகும் வழியில் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. சாமி கும்பிட்ட பிறகு சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு கிளம்புவார்கள். அது இவருக்கு ஆகாது. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். படியேறும்போது எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்பதால் இதைத் தவறவிடுவது எளிது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ அவருடைய கைப்பையிலேயே இருக்கட்டும், முன்னால் போய்விட்ட உங்கள் பையில் அல்ல. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். கால் மரத்திருந்தால் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது.

இனி முழங்கால். இங்கேதான் உங்கள் தேர்வோடு எனக்குச் சண்டை. ஆகாய கங்கைக்கு முதலில் இறங்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், செங்குத்தானவை, அருவியை நெருங்க நெருங்க ஈரம். மற்ற மலைகளில் முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே முடியவில்லை என்று தெரியவரும்போது நீங்கள் அடிவாரத்தில் நிற்பீர்கள். ஏறி வந்தே ஆக வேண்டும், அதுவும் வெயில் ஏறிய நேரத்தில். போதாததற்கு, தேய்ந்த மூட்டை அதிகம் படுத்துவது இறக்கம்தான். ‘வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடு’ என்றும் சொல்லிவிடாதீர்கள். உடலில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

ஈரோட்டில் இருந்துகொண்டு சென்னிமலையை எப்படி மறந்தீர்கள்? 1,320 படிகள், ஆனால் எந்தப் படியிலும் உட்கார்ந்துவிடலாம், எந்தப் படியிலிருந்தும் திரும்பலாம். மலைமேல் வரை தார்ச்சாலை இருப்பதால், ஏறிவிட்டு வண்டியில் இறங்கலாம். முழங்கால் தோழிக்கு இதைவிட வசதி கிடையாது. அதுவும் அதிகம் என்றால் முதல் முறை நாமக்கல் கோட்டைப் பாறை போதும். கொல்லிமலையைப் பிறகு பார்க்கலாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டிவிடும் என்பது வேறு. உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொல்லிமலை அதில் ஏறக்குறைய பாதிதான்.

வேகத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். உங்களைப் போன்ற பழகிய கால்காரர்கள் முன்னே போய் உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் ‘சரி, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். நன்றாக ஓய்வெடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அளவுகோல்; ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பதில் வந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். நாடித்துடிப்பை எண்ணுவதை முழுதாக நம்ப வேண்டாம். இரத்தக் கொதிப்புக்கு அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதை முன்பே விசாரித்துச் சொல்லிவிடுங்கள். தயங்குகிறவரைச் சம்மதிக்க வைக்க என்னிடம் மருந்து இல்லை; ஆனால் ‘கொஞ்ச தூரம்தான்’ என்ற பொய்யைவிட, எத்தனை படி, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்ற கணக்கு அதிகம் வேலை செய்யும்.

மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும், அதற்கு அடுத்த நாள் இன்னும் கூடும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களைத் திட்டுவார்கள். மூன்று நான்கு நாட்களில் அது தானே அடங்கும். வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.