அண்ணாச்சி பதில்கள்: பாஸ்க் கடற்கரைக்குப் பன்னிரண்டு பேர்

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டையில் காலை நடை போகிற கூட்டம். பன்னிரண்டு பேர், பாதிப்பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் கடற்கரை நகரங்களுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பயண ஏற்பாட்டாளர் ஆறு இரவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: பில்பாவோ இரண்டு, சான் செபாஸ்டியன் இரண்டு, பியாரிட்ஸ் ஒன்று, பயோன் ஒன்று. நடுவே ஒரே பகலில் கஸ்தெலுகாச்சே, கெர்னிகா, சுமாயா மூன்றும். எங்களில் மூன்று பேருக்கு மூட்டுவலி. இது சரிப்படுமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: சரிப்படாது, சார்வாள். ஆறு இரவுக்கு நான்கு விடுதி என்றால் பாதிப் பயணம் வரவேற்பறையிலேயே கழிந்துவிடும். பன்னிரண்டு பேர் அறையைக் காலி செய்து இறங்குவதற்குள் முற்பகல் போய்விடும். அடுத்த ஊரில் பிற்பகலுக்கு முன் சாவி கிடைக்காது. இடைப்பட்ட நேரம் முழுவதும் பெட்டிகளுக்குக் காவல். அதற்குள் யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவைப் பழைய அறையில் விட்டுவந்ததைச் சொல்வார்.

இத்தனைக்கும் அது சின்னக் கடற்கரை. பில்பாவோவிலிருந்து சான் செபாஸ்டியன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பஸ் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பிரான்ஸ் பக்கத்துப் பியாரிட்ஸ் சுமார் 50 கிலோமீட்டர்தான். நம் ஊரிலிருந்து திருச்செந்தூருக்கு இதைவிடத் தூரம். சாமி கும்பிடப் போகிறவர் அதற்காக அங்கே அறை எடுத்துத் தங்குகிறாரா? பில்பாவோவில் இரண்டு இரவு, சான் செபாஸ்டியனில் நான்கு இரவு என்று ஏற்பாட்டாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊர்கள். இன்னொன்று: பன்னிரண்டு பேரும் பகல் முழுவதும் சேர்ந்தே திரிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்றாகப் பிரிந்து போங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூடுங்கள். சண்டை பாதியாகக் குறையும்.

பில்பாவோவில் எல்லோரும் ஓடுவது ஆற்றங்கரையில் 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு. ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. டைட்டானியத் தகடு போர்த்தியது. கப்பல் கட்டுதலும் இரும்புத் தொழிலும் 1980-களில் நொடித்துப்போன ஊருக்கு மறுவாழ்வு தந்த கட்டடம் என்று பெயர். நவீன ஓவியம் பிடிக்காதவர்களை உள்ளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பூச்செடிகளால் ஆன பிரம்மாண்ட நாய்க்குட்டியே அவர்களுக்குப் போதும்.

எனக்குப் பிடித்தது வேறு. மெட்ரோ ரயிலில் ஏறி ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனால், போர்த்துகலேத்தே என்ற ஊரில் 1893-இல் கட்டிய தொங்குமேடைப் பாலம் இருக்கிறது. அந்த வகையில் உலகிலேயே முதலாவது. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இரு கரையிலும் இரும்புக் கோபுரம், 45 மீட்டர் உயரத்தில் குறுக்கே 160 மீட்டர் நீளச் சட்டம். சட்டத்தில் ஓடும் சக்கரங்களிலிருந்து இரும்புக் கயிறுகள் தொங்குகின்றன. கயிறுகளின் அடியில் ஒரு மேடை. மேடையின் நடுவில் கார்கள், இரண்டு ஓரத்திலும் ஆட்கள் நிற்கக் கண்ணாடி அறை. கதவு மூடியதும் மேடை அப்படியே தண்ணீருக்கு மேல் நகர்ந்து, இரண்டு நிமிடம் போல் ஆனதும் அக்கரையில் ஒட்டிக்கொள்கிறது. கப்பல் போக உயரம் வேண்டும். தாழ்ந்த கரையில் உயரப் பாலம் கட்டினால் வண்டி ஏறி இறங்க நீளச் சரிவு வேண்டும். அதற்கு இடமில்லை. ஆகவே அல்பெர்த்தோ தெ பலாசியோ என்ற கட்டடக் கலைஞர் சாலையில் ஒரு துண்டை மட்டும் வெட்டித் தொங்கவிட்டார். எங்கள் குழுவில் வந்த ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய் வந்துகொண்டே இருந்தார். அவர் வீட்டம்மா கரையில் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மூன்று ஊர் விவகாரத்துக்கு வருகிறேன். கஸ்தெலுகாச்சே கடலுக்குள் நீண்ட பாறையின் உச்சியில் இருக்கும் சிற்றாலயம். 241 படி ஏறிப் போய் மணியை மூன்று முறை அடிப்பது வழக்கம். படி கிடக்கட்டும், சாலையிலிருந்து படிக்கட்டுக்கே செங்குத்தான இறக்கம், திரும்பும்போது அதுவே ஏற்றம். நெரிசல் காலத்தில் முன்பதிவும் வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் மூன்று பேரும் அந்தப் பகலில் பில்பாவோவிலிருந்து ரயிலேறி கெர்னிகாவுக்குப் போகட்டும். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். அன்றுதான் ஹிட்லரின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் அந்த ஊரைக் குண்டு வீசி அழித்தன. இன்றும் அங்கே திங்கட்கிழமைதான் சந்தை. அந்த அழிவைப் பிகாசோ வரைந்த ஓவியம் மாட்ரிட்டில் இருக்கிறது. இங்கே ஓடுகளில் செய்த பிரதி மட்டும் சுவரில் உண்டு. பாஸ்க் மக்கள் கூடிச் சட்டம் பேசிய ஓக் மரத்தின் பழைய அடிமரத்தைத் தூண் மண்டபத்துக்குள் வைத்துக் காக்கிறார்கள். பட்டுப்போன மரத்துக்குக் கூரை போட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது!

சுமாயாவை சான் செபாஸ்டியனில் தங்கும்போது பாருங்கள். அங்கே கடலோரக் குன்று ஏடு ஏடாகச் செங்குத்தாக நிற்கும். டைனோசார்கள் அழிந்த காலத்தின் அடுக்கும் அதில் இருக்கிறது. கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால்தான் தரையில் ஓடும் பாறை வரிகள் தெரியும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது; அங்கே பெரிய ஏற்றத்தின்போது நான்கு மீட்டரைத் தாண்டும். சான் செபாஸ்டியனின் பிறைவடிவ லா கோன்சா கடற்கரையிலும் இதே கதைதான்: காலையில் பரந்து கிடந்த மணல் மதியம் குறுகிவிடும். செருப்பை மேலே படியில் கழற்றுங்கள்.

அந்தக் கடற்கரையின் மேற்கு முனையில் சிலீடா என்ற சிற்பி 1977 வாக்கில் பாறைகளில் பொருத்திய மூன்று இரும்புக் கொக்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. இளமையில் அதே ஊரின் கால்பந்து அணிக்குக் கோல்காப்பாளராக இருந்தவர் அவர். அங்கே தளக்கல்லில் துளைகள் உண்டு. அலை அடியில் மோதினால் காற்றும் நீரும் துளை வழியே சீறி எழும். சேலை கட்டியவர்கள் தள்ளி நிற்கவும். பக்கத்திலேயே இகெல்டோ குன்றுக்கு 1912 முதல் ஓடும் கயிற்று ரயில் இருப்பதால் மூட்டுக்குச் சிரமமில்லை.

பிரான்சுக்கு ஒரு பகல். சேன் ஜான் த லூஸ் ஊர்த் தேவாலயத்தில் 1660-இல் பதினான்காம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசிக்கும் திருமணம் நடந்தது. அவர்கள் வெளியே வந்த வாசலைச் சுவர் வைத்து அடைத்ததை இன்றும் காட்டுகிறார்கள். பயோனில் சாக்லேட். பியாரிட்ஸ் அழகான ஊர்தான், விலையும் அழகு. இரண்டு மணி நேரம் போதும்.

கேள்வி: இந்தக் குழுவில் நானும் என் நாத்தனாரும் சுத்த சைவம். என் அண்ணனுக்கும் மதினிக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. அங்கே நால்வரும் ஒரே இடத்தில் சாப்பிட முடியுமா?
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: ஒரே கடையில் முடியும், தாயி. ஒரே தட்டில் முடியாது.

சான் செபாஸ்டியன் பழைய நகரத்தில் சாப்பாடு என்பது நின்றுகொண்டே கடை கடையாகச் சாப்பிடுவது. மேடை நிறையச் சிறு தட்டுகளில் பின்ச்சோ என்ற பலகாரம் அடுக்கியிருக்கும். ஒரு கடையில் ஒன்று, அடுத்த கடையில் ஒன்று. உங்கள் மதினி முதலில் கேட்க வேண்டியது கில்டா: ஒரு குச்சியில் ஆலிவ் காய், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி. மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் நாக்குக்கு அந்தப் புளிப்பும் உப்பும் உடனே பிடித்துப்போகும். கோடையில் சூரை மீனும் உருளைக்கிழங்கும் போட்டு மீனவர்கள் படகில் வைத்துக் குடித்த குழம்பு கிடைக்கும். மார்மித்தாக்கோ என்று கேளுங்கள். கெட்டாரியா ஊருக்குப் போனால் கடை வாசலிலேயே கரி அடுப்பில் தட்டையான பெரிய மீனை முழுதாக வாட்டுகிறார்கள். உலகைச் சுற்றிய முதல் கப்பலை 1522-இல் கரை சேர்த்த எல்கானோவின் ஊர் அது. புகை உங்கள் சேலையில் ஏறும். காற்று வீசும் பக்கம் பார்த்து உட்காருங்கள்.

உங்களுக்கு: கெர்னிகா மிளகாய் என்ற பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள். காரமில்லை. இதியாசாபால் என்ற ஆட்டுப் பால் பாலாடைக்கட்டி, காளான், ரொட்டி உண்டு. முட்டைக்குச் சம்மதம் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லாக் கடையிலும் இருக்கும். ஆனால் காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். பீன்ஸிலும் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு வதக்குவார்கள். அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆகவே ‘சின் கார்னே, சின் பெஸ்காடோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றும் வேண்டாம். மாமியா என்ற ஆட்டுப் பால் தயிரைத் தேன் விட்டுத் தருவார்கள். புளிக்காது. பழைய முறைப்படி அதை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை, பாலாடைக்கட்டியிலும் அப்படித்தான். கறார் சைவம் என்றால் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

உணவகத்தில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும். ஏழு மணிக்குப் பசிக்கிறவர்களுக்குப் பின்ச்சோ கடைதான் கதி. பன்னிரண்டு பேர் ஒரே கடைக்குள் நுழைய முடியாது. நாலு நாலு பேராகப் போங்கள். அங்கத்து நண்பர் கூட்டங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பொதுப் பணம் போட்டு, ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கடை ஏறுகிறார்கள். யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. அண்ணனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மதினியிடம் கணக்கைக் கொடுங்கள்.

கேள்வி: புனித சவேரியார் அந்தப் பக்கத்துக்காரர் என்கிறார்களே, உண்மையா? அவர் பிறந்த வீட்டைப் பார்க்க முடியுமா?
– மணப்பாடு வாசகர்

பதில்: உண்மைதான். அவர் 1506-இல் பிறந்தது நவாரா நாட்டின் ஹாவியர் கோட்டையில். கடற்கரை அல்ல, மலை தாண்டிய உள்நாடு. பாம்ப்லோனா நகரிலிருந்து 50 கிலோமீட்டர் போல். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, உங்கள் ஊரின் கடலோரக் குகையில் தங்கினார் என்று நீங்கள் காட்டுகிற அதே மனிதர். இவர்கள் மொழி தமிழ், என் மொழி பாஸ்க், ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று (அந்தக்கால வழக்கப்படி தமிழை மலபார் என்றே குறித்து) 1544-இல் கடிதம் எழுதினார். பிறகு இரு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக மணியடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

கோட்டைக்குள் பாருங்கள், மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. சிலுவையில் தொங்குகிறவரின் உதட்டில் புன்னகை. சுற்றுச் சுவரில் எலும்புக்கூடுகள் ஆடுகிற ஓவியம். சவேரியார் சிறுவனாக இருந்தபோது இவற்றைப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு ஏதோ செய்கிறது. நான் கோயிலுக்குப் போகிற ஆள், ஆனாலும்.

பஸ் வசதி குறைவு. சான் செபாஸ்டியனிலிருந்து ஒரு வேன் பேசி, ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் போனால் போதும். மற்றவர்கள் மணலில் கிடக்கட்டும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? அங்கே நம் குற்றாலச் சாரல் போல எப்போதும் தூறுமாமே?
– தென்காசி வாசகர்

பதில்: தூறும், கோடையிலும் தூறும். ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் முதல் நாளே குடை வாங்குவார்கள். மே, ஜூன் நல்லது. ஜூன் கடைசியில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. ஆகஸ்ட் வேண்டாம், திருவிழாக் கூட்டமும் திருவிழா விலையும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் இரண்டு ஞாயிறு. பழைய மீன்பிடிப் படகின் வடிவத்தில் பதின்மூன்று பேர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கான் பிடிக்க, லா கோன்சா விரிகுடாவில் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். அறையை வெகு முன்னதாகவே பிடித்துவிட வேண்டும். அதே மாதப் பிற்பகுதியில் திரைப்பட விழா. அப்போது அறையே கிடைக்காது.

கேள்வி: ஸ்பெயின், பிரான்ஸ் இரண்டுக்கும் தனித்தனி விசாவா?
– வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: ஒரே ஷெங்கன் விசா. அதிக இரவு தங்குவது ஸ்பெயினில் என்பதால் அந்நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்கும் பாஸ்போர்ட். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பன்னிரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் நேரம் கிடைக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையில் வண்டி நிற்காமல் போய்விடும் என்று பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிரெஞ்சுப் போலீசார் ரயிலில் ஏறிக் கேட்பதுண்டு.