ஸ்கங்க் தோல் உரிக்கும்போது கத்தி எங்கே படக்கூடாது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன், பொறி வைத்துப் பிடிக்க உரிமமும் எடுத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் நல்ல அடர்த்தியான ரோமத்தோடு ஒரு வரி ஸ்கங்க் (மிரண்டால் நாற்ற எண்ணெயைப் பீய்ச்சுமே, வெள்ளை வரி போட்ட கறுப்பு விலங்கு) கிடைத்தது, இன்னும் உரிக்கவில்லை. நாற்றப் பையை உடைக்காமல் உரிப்பது எப்படி? கொஞ்சம் பட்டுவிட்டால் தோல் வீண்தானா? உரித்ததும் உப்பு போடு என்கிறார்கள் சிலர், போடாதே என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: எல்லாரும் நாற்றத்தைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் நாற்றம் ஓர் உள்ளங்கை அகல இடத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது, அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் விஷயம் முடிந்தது. தோலைக் கெடுப்பது பெரும்பாலும் கொழுப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து ரேபீஸ், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ரேபீஸைச் சுமக்கும் முக்கியமான காட்டு விலங்குகளில் வௌவால், ரக்கூன், நரி இவற்றோடு ஸ்கங்கும் ஒன்று. வைரஸ் உமிழ்நீரிலும் மூளையிலும் நரம்புத் திசுவிலும் இருக்கும், அதனால் மண்டை ஓட்டையும் முதுகுத் தண்டையும் வெட்டவே வேண்டாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் உட்காராதீர்கள். பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டோ மனிதரைக் கண்டு அசையாமலோ திரிந்த விலங்கு என்றால் உரிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மாநிலச் சுகாதாரத் துறைக்கோ வனவிலங்குத் துறைக்கோ சொல்லுங்கள். ஃப்ரீசரில் போட்டால் வைரஸ் செத்துவிடும் என்பதும் தப்பு, குளிர் அதைப் பாதுகாக்கத்தான் செய்யும். வாய் ஈரம் கையில் உள்ள காயத்திலோ கண்ணிலோ பட்டால் உடனே நன்றாகக் கழுவுங்கள், காயம் என்றால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். அறிகுறி வந்தபிறகு ரேபீஸுக்குப் பிழைத்தவர்கள் மிக மிக அரிது, அதற்கு முன் போடும் ஊசிதான் காப்பாற்றும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது வரி ஸ்கங்க்தானா என்று பாருங்கள். உடம்பெல்லாம் வெள்ளை வரி துண்டுதுண்டாக உடைந்திருந்தால் அது சிறிய புள்ளி ஸ்கங்க், அதைப் பிடிக்கப் பல மாநிலங்களில் தடை உண்டு. பருவமும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, உங்கள் மாநிலத்தின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

சரி, கத்திக்கு வருவோம். நாற்றச் சுரப்பிகள் இரண்டு, மலவாய்க்கு இரு பக்கமும் உள்ளே, பெரிய திராட்சைப் பழம் அளவில் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு காம்பு மலவாய்க்குள் திறக்கிறது. விலங்கு செத்துவிட்டாலும் பை நிரம்பியே இருக்கிறது, அழுத்தினால் வெளியே வரும், ஆகவே வாலைப் பிடித்து முறுக்குவது, இடுப்பில் முழங்காலை ஊன்றுவது எல்லாம் கூடாது. பொறிக்காரர்களில் சிலர் முதலிலேயே ஊசி போட்டு அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், பொறிக்கு வைக்கும் வாசனை மருந்து செய்பவர்கள் அதை வாங்குகிறார்கள். முதல் தடவை செய்கிறவருக்கு அந்த வேலை தேவையில்லை.

வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்றுகொண்டு, விலங்கைப் பின்னங்கால்களில் கட்டித் தொங்கவிடுங்கள். மற்ற விலங்குகளுக்கு ஒரு குதிகாலில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக மலவாய் வரை போய், அங்கிருந்து அடுத்த குதிகால் வரை ஒரே கோடாகக் கீறுவார்கள். ஸ்கங்குக்கு அந்தக் கோடு மலவாயைத் தொடக்கூடாது. இரண்டு அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, மலவாயைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் இருக்கும் தோலையும் ரோமத்தையும் உடம்போடு விட்டுவிடுங்கள். கொஞ்சம் ரோமம் போகிறதே என்று வட்டத்தைச் சுருக்கினால்தான் வம்பு. கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், நுனி தோலின் கனத்துக்கு மட்டும் போனால் போதும். வெட்டுக்குள் மஞ்சளாக எண்ணெய் கசிவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, வேறு கத்தியும் புதுக் கையுறையும் எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தொடருங்கள்.

வாலின் அடிப்பகுதிதான் ஏமாற்றும் இடம். வாலின் கீழ்ப்பக்கத்தில் மலவாயை ஒட்டித் தொடங்காமல் சில அங்குலம் தள்ளிக் கீறி, எலும்பை உருவி எடுங்கள். பிறகு வால் நுனி வரை பிளந்து திறந்துவிடுங்கள், மூடியே விட்டால் உள்ளே அழுகி ரோமம் கொத்தாகக் கையோடு வரும். இதற்கப்புறம் கத்திக்கு வேலை குறைவு. காலுறையைக் கழற்றுவது போலத் தோலைத் தலையை நோக்கி இழுத்துக்கொண்டே போகலாம், ஒட்டுகிற இடத்தில் விரலால் தள்ளுங்கள். முன்னங்கால்களை மணிக்கட்டில் வெட்டிவிட்டு உருவலாம். காது மடலின் குருத்தெலும்பை மண்டையை ஒட்டி அறுங்கள், கண்ணையும் உதட்டையும் மெதுவாகக் கீறி விடுவியுங்கள். வாய் ஈரம் இருக்கும் இடம் இதுதான், இங்கே அவசரம் வேண்டாம்.

இப்போது உள்தோலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்து வெண்ணெய் நிறத்தில் இருந்தால் ரோமம் முழுதாக வளர்ந்த குளிர்காலத் தோல், நீலம் பாய்ந்திருந்தால் இன்னும் முற்றாதது. பழைய ரோம வியாபாரத்தில் வெள்ளை வரி எவ்வளவு குட்டையோ அவ்வளவு மதிப்பு, கறுப்பாகவே இருந்தால் முதல் தரம் என்பார்கள். ஒரு காலத்தில் இதை 'அலாஸ்கா சேபிள்' என்று அழகான பெயர் வைத்து விற்றார்கள் (சேபிள் என்பது விலை உயர்ந்த ரோமம் தரும் வேறொரு விலங்கு), 1951ல் வந்த ரோமப் பொருள் பெயரிடும் சட்டம்தான் எந்த விலங்கு என்பதை உள்ளபடி எழுது என்றது.

கொழுப்புக்கு வருகிறேன். குளிர்காலத்துக்காகக் கொழுத்துப் போகிற பிராணி இது, தோலின் உள்பக்கமெல்லாம் கனமாகக் கொழுப்பு படிந்திருக்கும். உரிக்கும் நேரத்தைவிடச் சுரண்டும் நேரம் அதிகமாவதுதான் சரி. உருண்டையான மரக்கட்டையில் ரோமம் உள்ளே இருக்கும்படி மாட்டி, மொட்டைக் கத்தியால் தலையிலிருந்து வாலை நோக்கித் தள்ளுங்கள், அடியில் ஒரு செடிமுள்ளோ மண்கட்டியோ ரோமத்தில் சிக்கியிருந்தால் கத்தி அந்த மேட்டில் ஓட்டை போடும், ஆகவே முதலிலேயே ரோமத்தை வாரிவிடுங்கள். மரத்தூள் தூவிக்கொண்டால் எண்ணெய் ரோமத்தில் ஏறாது. கொழுப்பை விட்டுவிட்டு உலர்த்தினால் அது உருகித் தோலுக்குள் ஊறி, நாளடைவில் தோலையே எரித்துவிடும், பதப்படுத்தும்போது பொட்டுப் பொட்டாகக் கிழியும்.

உப்புக் கேள்விக்கு இரண்டு பேரும் சொன்னது சரிதான், தோல் எங்கே போகிறது என்பதுதான் வித்தியாசம். ரோம வியாபாரிக்குப் பதப்படுத்தாமல் விற்பதானால் உப்பு வேண்டாம், பலகையிலோ கம்பிச் சட்டத்திலோ ரோமம் உள்பக்கம் இருக்கும்படி இழுத்து மாட்டி, வயிற்றுப் பக்கம் ஒரு ஆப்புக் குச்சி செருகிக் காயவிடுங்கள். காய்ந்தபின் குச்சியை உருவினால் தோல் சுலபமாகக் கழன்று வரும். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைக்கக்கூடாது, குளிர்ச்சியான காற்றோட்டம் போதும். வீட்டிலேயே பதப்படுத்தப் போகிறீர்கள் என்றால் அயோடின் கலக்காத பொடி உப்பைத் தாராளமாகத் தேய்த்து, மறுநாள் நனைந்த உப்பை உதறிவிட்டுப் புதிது போடுங்கள். கொழுப்பின் மேல் போட்ட உப்பு உள்ளே இறங்காது.

கொஞ்சம் நாற்றம் பட்டுவிட்டது என்றால் தோல் வீண் இல்லை. அந்த எண்ணெயில் இருப்பவை தயோல் என்னும் கந்தகச் சேர்மங்களும், அவற்றின் அசிட்டேட் வடிவங்களும். இந்த இரண்டாவது வகைதான் குறும்புக்காரன், காய்ந்திருக்கும்போது சும்மா இருந்துவிட்டு ஈரம் பட்டதும் மெல்ல மெல்லத் தயோலாக மாறும், மாதங்கள் கழித்து ஒரு மழைநாளில் திடீரென்று நாறுவது இதனால்தான். தக்காளிச் சாறு எதையும் மாற்றாது, உங்கள் மூக்குதான் மரத்துப்போகிறது. வேலை செய்வது பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1990களில் சொன்ன கலவை: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 950 மி.லி., கால் கப் பேக்கிங் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். அவ்வப்போது கலந்து அப்போதே தீர்த்துவிட வேண்டும், மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். ஆனால் இது கறுப்பு ரோமத்தை வெளுக்கும், அதனால் கத்தி, பூட்ஸ், தரை எல்லாவற்றுக்கும் தாராளமாக ஊற்றுங்கள், தோலில் மட்டும் கறை பட்ட இடத்தில் சில நிமிடம் வைத்து அலசிவிடுங்கள். கறுப்புப் பகுதி முழுக்க நல்ல கறுப்பாக இருக்கும் தோல் என்றால் நான் சோப்பில் அலசிவிட்டுச் சில வாரம் திறந்த கொட்டகையில் தொங்கவிடுவேனே தவிர பெராக்சைடைத் தொடமாட்டேன்.

மிஞ்சிய உடலில் சுரப்பி இரண்டும் அப்படியே இருக்கின்றன, மறந்துவிடாதீர்கள். இரட்டைப் பையில் கட்டி, உங்கள் ஊர் விதிப்படி குப்பைக்கு அனுப்புங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். உங்கள் நாயோ பக்கத்து வீட்டு நாயோ தோண்டி எடுக்கிற ஆழமாக இருந்தால் அன்று இரவே தெரிந்துவிடும்.