பிரசவ உதவித்தொகை: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டவை

கரூரிலிருந்து ஒரு தம்பி: மனைவிக்கு மூன்றாம் மாதம். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் எப்போது பதிய வேண்டும்?

இன்றைக்கே உங்கள் ஊர் செவிலியரிடம் போங்கள் தம்பி. 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் அடையாள எண், வாங்கிவிட வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாகக் கணக்கில் ஏறும். மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும்: சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக். ஏழைக் குடும்பத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் உண்டு, வயது 19 ஆகியிருக்க வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மனைவி பெயரில் இருக்க வேண்டும். உங்கள் கணக்கு செல்லாது, உங்கள் அம்மா கணக்கும் செல்லாது.

நான் வேலை பார்த்தது கரூரில், வளைகாப்பு முடிந்து தாய்வீடு தேனிக்கு வந்துவிட்டேன். மறுபடி பதியணுமா அக்கா?

வேண்டாம்மா, அதே எண்தான். இரண்டாவது தடவை பதிந்தால்தான் குழப்பம். இரண்டு ஊர் செவிலியரிடமும் சொல்லிவிடு. சொல்லாமல் போனால் பழைய ஊர்க்காரர் உன்னைத் தேடிக்கொண்டே இருப்பார்.

பிரசவம் தனியார் மருத்துவமனையில். எண் எதற்கு?

பிறப்புச் சான்றிதழுக்கு. உதவித்தொகை வேண்டாம் என்றாலும் எண் வேண்டும்.

எனக்குப் பணம் வரவில்லை.

கணக்கு யார் பெயரில்? ஆதார் இணைத்ததா? மேலே பாருங்கள்.

எனக்கும் வரவில்லை.

மேலே.

தனியார் கம்பெனியில் ஒப்பந்த வேலை. விடுப்பு கிடையாது என்கிறார்கள்.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

இங்கே என்ன செய்கிறீர்கள்? டாக்டரிடம் ஓடுங்கள்.

என் வரிப்பணத்தில் பிள்ளை பெறக் காசு கொடுப்பது என்ன நியாயம்?

சரி, இதற்கு உட்கார்ந்து பதில் சொல்கிறேன். 1987-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது கொடுத்தது 300 ரூபாய். 2006-ல் 6,000 ஆனது, 2011-ல் 12,000, அப்புறம் 18,000. ஆட்சி மாறியபோதும் தொகை உயர்ந்திருக்கிறது. பிள்ளை பெற்றதற்குப் பரிசு என்று நினைக்காதீர்கள். ஏழாம் மாதத்திலும் களை எடுக்கப் போகிறவளுக்கு ஒருநாள் கூலி போனால் அன்றைக்கு உலை வைக்க முடியாது. அந்தக் கூலிக்கு ஈடாகத்தான் இது. நூறு நாள் வேலையில் கல் சுமந்து ரத்தசோகையோடு வந்தவர்களுக்கு நான் எடை பார்த்திருக்கிறேன்.

(இன்னொருவர்) அந்தப் பணத்தைப் புருஷன் குடித்துவிடுகிறானே அக்கா?

சில வீட்டில் நடக்கும். அதனால்தான் கணக்கு அவள் பெயரில் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

(வரிப்பணம் பற்றிக் கேட்டவர்) அப்படியானால் பணத்தை நிறுத்திவிட்டுப் பொருளாகவே கொடுக்கலாமே?

பெட்டகத்துப் பேரீச்சம்பழத்தை மாமியார் விருந்தாளிக்கு வைத்த வீட்டையும் பார்த்தவள் நான். பணமென்றால் அவசரத்துக்கு ஆட்டோ பிடிக்கலாம்.

அப்பாக்களுக்கு விடுப்பு உண்டா?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியாரில் கம்பெனி மனசு வைத்தால்தான்.

அக்கா, பிக்மி எண் என்றால் என்ன?

தம்பி, முதல் பதிலைப் படி. படித்துவிட்டு உன் வீட்டம்மாவின் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துப் பார்.