ஈறில் இரத்தம்: கேள்விகளும் பதில்களும்

பல் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு ஈறில் இரத்தம் வருவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் காத்திருக்கக் கூடாதது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொண்டேன்.

என் 9 வயது மகனுக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். இன்று காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் ஈறில் இரத்தம் கசிகிறது. எந்தப் பற்பசை நல்லது?

பற்பசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா. இப்போதே குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஈறில் கசிவு, ஓயாத வாந்தி, வயிற்றுவலி, சோர்ந்து படுத்துவிடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

காலையில் பல் துலக்கித் துப்பும்போது எச்சில் இளஞ்சிவப்பாக வருகிறது. வலி இல்லை. பிரஷ் குத்திப் புண்ணாகிவிட்டதோ என்று பத்து நாட்களாகக் கீழ்ப்பற்களின் உட்பக்கத்தைத் துலக்காமல் விட்டிருக்கிறேன். சரிதானே? (ஓர் ஆசிரியை)

சரியில்லை டீச்சர். என்னிடம் வருபவர்களில் பலர் இதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள். நலமான ஈறில் மென்மையான பிரஷ் பட்டால் இரத்தம் வராது. அங்கே ஏற்கெனவே அழற்சி இருக்கிறது, பிரஷ் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு கிருமிப் படலம் நாள்தோறும் படிகிறது. அதை எதிர்க்க உடல் அந்த இடத்துக்கு இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. ஈறு சிவந்து வீங்கி, உட்புறத் தோல் நைந்துபோகிறது. அதன் பிறகு தொட்டாலே கசியும்.

இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. நீங்கள் கடந்த பத்து நாட்களில் அந்தச் சோதனையின் முதல் பாதியை உங்கள் கீழ்ப்பற்களில் செய்திருக்கிறீர்கள். இன்றிரவே இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள்.

பிரஷ் மென்மையாக இருக்கட்டும். ஈறை நோக்கிச் சாய்த்து, அதன் நுனிகள் விளிம்புக்குள் இலேசாக இறங்கும்படி வைத்து, இடத்தைவிட்டு நகராமல் சிறுசிறு அசைவாகத் தேயுங்கள். பாத்திரம் விளக்குவதுபோல இழுத்துத் தேய்த்தால் ஈறு கீழிறங்கிவிடும். காலையிலும் படுக்கப் போகும் முன்பும் இரண்டிரண்டு நிமிடம் போதும். பல்லிடுக்குக்கு பிரஷ் எட்டாது. அதற்கென்று விற்கும் நூலையோ குட்டி பிரஷையோ பயன்படுத்துங்கள். ஊக்கும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம். முதல் சில நாட்கள் இரத்தம் வரத்தான் செய்யும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரத்திலும் குறையவில்லை என்றால் அடியில் காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். அவருக்கு அப்படித்தான் ஆனதாம்.

உங்கள் அத்தை பொய் சொல்லவில்லை, அவர் கண்டது உண்மை. காரணம்தான் வேறு. துலக்காமல் விட்ட படலம் எச்சிலில் உள்ள சுண்ணச்சத்தை ஏற்றுக் கல்லாக இறுகுவதுதான் காரை. அதன் மேல் மேலும் கிருமிகள் குடியேற, ஈறு பல்லைவிட்டு விலகுகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காரை சிமெண்டுபோலப் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. அத்தை இன்னும் சில ஆண்டுகள் முன்பே போயிருந்தால் அந்த ஆட்டமே வந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம். சுத்தம் செய்த பின் சில நாட்கள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

வைட்டமின் சி மாத்திரை போட்டால் போதுமா?

போதாது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு அழுகி நொந்திருந்த மாலுமிகளில் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றினார். அது மாதக்கணக்கில் காய்கனியே காணாதவர்களுக்கு வைட்டமின் சி குறைவால் வந்த ஸ்கர்வி நோய். நெல்லிக்காயும் கொய்யாவும் நிறையச் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் விளிம்பில் படிந்த படலத்தை நெல்லிக்காய் அகற்றாது.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. பிள்ளை பிறக்கும்வரை பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்கிறார் மாமியார்.

தாராளமாகப் போகலாம் அம்மா. நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான காலம்தான் அதற்கு வசதியானது. கர்ப்பகால ஹார்மோன்களால் ஈறு சிறிது படலத்துக்கே பெரிதாக வீங்கும். மருத்துவரிடம் கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

வயது 62. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை, அதோடு இதயத்துக்கு ஆஸ்பிரின். ஈறில் இரத்தம் வருவதால் ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. ஈறுக்காக இதயத்தைப் பணயம் வைக்கக் கூடாது. ஆஸ்பிரின் கசிவை நீட்டிக்கலாம், ஆனால் கசிவின் தொடக்கம் பெரும்பாலும் அழற்சிதான். அம்லோடிபின் போன்ற சில அழுத்த மாத்திரைகளால் ஈறு தடித்து வளர்வதும் உண்டு. மருந்துச் சீட்டை அப்படியே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இரண்டையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்களே, குச்சியே போதாதா?

நுனியை நன்றாக மென்று நார்நாராக்கி மெதுவாகத் துலக்கினால் குச்சியும் பிரஷ்தான். பற்களின் உட்பக்கத்துக்கும் இடுக்குக்கும் அது எட்டுவதில்லை என்பதே குறை. செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் ஆகியவை பல்லை அரம்போல் அராவும், அவற்றை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது இதமளிக்கும்.

25 ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கிறேன். எனக்கு ஈறில் இரத்தமே வந்ததில்லை. ஆனால் முன்பல் இரண்டு ஆடுகின்றன. எப்படி?

வந்த கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். நிக்கோட்டின் ஈறின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே நோய் முற்றினாலும் வெளியே இரத்தம் வராது. மற்றவர்களுக்கு இரத்தம் தரும் எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இருக்கும் ஆழத்தை அளக்கும் கருவி மருத்துவரிடம் இருக்கும். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு, அதற்கு மேல் போனால் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்ப்பார். ஆடுகிற பல்லெல்லாம் எடுக்க வேண்டிய பல் அல்ல. இந்த வாரமே போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

சிகரெட்டையும் விட்டுவிடுங்கள். விட்ட சில வாரங்களில் உங்கள் ஈறில் முதன்முறையாக இரத்தம் வரலாம். சிகரெட்டை விட்டதால்தான் கெட்டுப்போனது என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள். சுருங்கிக் கிடந்த குழாய்களில் ஓட்டம் திரும்புகிறது. அந்த இடத்தில்தான் பிரஷை வைத்து மெதுவாகத் துலக்க வேண்டும்.