நோட்டில் எழுதிய 120

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் சேலம் அம்மாபேட்டை. என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். 11 வயதில் டைப் 1 சர்க்கரை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் நான்கு ஊசி. இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பரீட்சை வந்தால் சுகர் ஏறிவிடுகிறது. நோட்டில் 120, 130 என்றே எழுதி வந்தான். போன மாதம் மூன்று மாதச் சராசரி (HbA1c) எடுத்தால் 10 சதவீதத்துக்கு மேல். மிஷினைப் பார்த்தேன், எல்லாம் 300, 340. ஏன்டா என்றால் “நீ அழுவ” என்கிறான். அவன் அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். உறவினர் ஒருவர், ஊசியே வேண்டாம், சூரணம் போதும் என்கிறார். தியானம் கற்றுக்கொடுக்கலாமா? மன உறுதி வர அவன் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சூரணம். அந்த உறவினரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் மகனின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவன் உடம்பே அழித்துவிட்டது. அவற்றைத் திரும்ப முளைக்க வைக்கிற பொடி எதுவும் இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். ஊசியை நிறுத்தினால் உங்கள் பையனுக்கும் சில நாட்களில் ரத்தத்தில் அமிலம் ஏறும், வாந்தி வரும், உயிருக்கே ஆபத்து. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தியானம் அவனுக்குப் பிடித்தால் செய்யட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது “நீ அழுவ” என்ற இரண்டு சொல்தான். இதை நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், என் அக்கா மகளுக்கும் டைப் 1 என்பதால்.

அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். ஏரி, சேர்வராயன் கோயில் என்று பகல் முழுக்க நடை. திரும்பும்போது பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்ன அக்காவிடம் அவள் வெடித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தல். “பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது” என்று அக்காவும் கத்தினாள். அப்புறம்தான் மகளின் கழுத்தைப் பார்த்தாள். மலைக்காற்றில் எல்லோரும் சால்வை போர்த்தியிருக்க, அவளுக்கு மட்டும் வேர்த்து வழிந்தது. மிஷினில் 52. நடந்த கால்கள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. மூளைக்குச் சர்க்கரை போதாவிட்டால் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடத்தில் பழைய பிள்ளை ஆகிவிட்டாள்.

அன்று கற்றதை எங்கள் வீடு அளவுக்கு மேல் கற்றுக்கொண்டது. அதன் பிறகு அவள் எதற்குக் குரலை உயர்த்தினாலும் “சுகர் பாத்தியா?” என்று கேட்டார்கள். தம்பிக்கு பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப மறுத்தார்கள். அவள் நியாயம் கேட்டாள். “போய் சுகர் பாத்துட்டு வா, அப்புறம் பேசு” என்றாள் அக்கா. அவள் உள்ளே போனாள். விரலில் இன்னும் ரத்தப்பொட்டு காயாமல் வந்து மிஷினை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “118. இப்ப பேசலாமா?”

உங்கள் மகனின் எரிச்சலையும் இப்படிப் பாருங்கள். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. பேச்செல்லாம் அதற்குப் பிறகு. 300ஐத் தாண்டிக் கிடந்தாலும் மனிதனுக்குச் சோர்வும் சிடுசிடுப்பும் வரும், உண்மைதான். ஆனால் அவனுக்கு 17 வயது. 17 வயதுப் பையனுக்குக் கோபப்பட ஆயிரம் காரணம் உண்டு. கோபம் வரும்போதெல்லாம் விரலைக் குத்தச் சொன்னால், அவன் சொல்ல வந்ததைக் கேட்க வீட்டில் யாருமில்லை என்று ஆகிவிடும்.

பரீட்சைக்கு வருகிறேன். பயத்தில் சுரக்கிற அட்ரினலின், கார்டிசால் இரண்டும் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். அதோடு அவன் வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை முழுசாக வேலை செய்ய விடாது. அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே 240 காட்டலாம். அதைப் பார்த்ததும் நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள்? “என்னத்தத் தின்ன?” என்றுதானே? தின்னாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிய பையன் அடுத்த தடவை 120 என்று எழுதாமல் என்ன செய்வான்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவன் அப்பா மேல் அதைவிட அதிகம். எண்ணுக்குப் போனைப் பிடுங்குவது என்ன நியாயம்? 340 என்பது இந்த வேளைக்கு எத்தனை யூனிட் சேர்க்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய தகவல். அதை ராங்க் கார்டு மாதிரி நீட்டிக் கையெழுத்து வாங்கும் நிலைமைக்கு அவனைத் தள்ளியிருக்கிறீர்கள். அந்தப் பொய்யில் ஆபத்தும் இருக்கிறது. நோட்டை நம்பித்தான் டாக்டர் எந்த வேளை ஊசியைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்கிறார். 120 என்று எழுதிய வேளையில் உண்மையில் 60 இருந்திருந்தால்? அந்த ஊசி குறையாது. நடுராத்திரியில் சுகர் லோ ஆகித் தூக்கத்திலேயே பையன் நினைவில்லாமல் கிடப்பான்.

அழாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக நடுராத்திரி எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர் நீங்கள் என்று தெரியாமல் எழுதவில்லை. உங்களுக்கும் அழ ஒரு இடம் வேண்டும். அக்காவிடம், தோழியிடம், டாக்டரிடம் அழுங்கள். அவன் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடத்தில் மட்டும் வேண்டாம். அவன் 340 என்றால், “சரி, எத்தனை யூனிட் போடப்போற?” என்று கேளுங்கள். அவன் கணக்குச் சொல்லட்டும். உண்மையான எண்ணைச் சொன்ன நாளில் திட்டு விழவே கூடாது, எண் எதுவாக இருந்தாலும். போனை இன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாதி நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள். ஊசி போட்டுச் சலித்துவிட்டது, நண்பர்கள் முன்னால் சட்டையைத் தூக்கக் கூச்சமாக இருக்கிறது என்பதையெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்தால் அவன் சொல்ல மாட்டான். ராத்திரி தூக்கம் இல்லை, எதிலும் ஆசை இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

என் அக்கா மகள் இப்போது சேலத்தில்தான் வேலை பார்க்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அவனோடு பேசத் தயார் என்றாள். நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, பேசியதை அப்புறம் அவனிடம் விசாரிக்கவும் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். அவனிடம் கேளுங்கள். அவன் சரி என்றால் எனக்கு எழுதுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.